கரையேறும் உரிமை



மத்தியதரைக் கடலில் நீண்ட கப்பல் பயணம் போய்வந்தவர்களைக் கேட்டால் ரோம் பார்த்தோம், ஃபிளாரன்ஸ் பார்த்தோம், ஏதென்ஸ் பார்த்தோம் என்று சொல்வார்கள். இந்த மூன்று ஊர்களிலும் கப்பல் நிற்பதில்லை. ரோமுக்குப் போகிறவர்கள் இறங்குவது சிவிதாவெக்கியாவில். அங்கிருந்து ரோமுக்குச் சாலைவழி எழுபது கிலோமீட்டருக்கு மேல். ஃபிளாரன்ஸுக்கு லிவோர்னோவிலும், ஏதென்ஸுக்குப் பிரேயஸிலும், எபேசு இடிபாடுகளுக்குத் துருக்கியின் குஷாதாசியிலும் இறங்க வேண்டும். காலையில் கப்பலைக் கரையில் கட்டியதும் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். மாலையில் கப்பல் புறப்படுவதற்குள் கொண்டுவந்து விட்டுவிடும். முதலில் கால் வைத்த அந்தத் துறைமுக ஊர் வெறும் பெயர்ப்பலகையாக நினைவில் தங்கும்.

இதைப் பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். சிவிதாவெக்கியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பேரரசன் திராயான் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த துறைமுகம். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினி அங்கே போயிருக்கிறார். துறையின் வாயில் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலுக்குள் தள்ளி, அலையைத் தடுக்க ஒரு செயற்கைத் தீவையே எழுப்பிக்கொண்டிருந்ததை நண்பருக்குக் கடிதத்தில் விவரித்திருக்கிறார். ரோமைப் பார்க்க அவசரமாகப் பேருந்தில் ஏறுகிறவர்கள், ரோம் கடலோடு எப்படிப் போராடியது என்பதற்கான சாட்சியை முதுகுக்குப் பின்னே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

நானும் அந்தக் கடலில் கப்பலில் போனவன்தான். அந்த அனுபவத்திலும் பிறகு படித்ததிலும் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒரு துறைமுக நகரத்தை அறிய அதன் அரண்மனையும் பேராலயமும் போதாது. கடல்வழி வந்தவரை அந்த ஊர் எங்கே நிறுத்தியது, அவரிடம் என்ன கேட்டது, யாரை உள்ளே விட்டது, யாரைத் திருப்பியனுப்பியது என்று பார்க்க வேண்டும். அந்தக் கேள்விகளுக்கான விடைகள் கல்லில் கட்டப்பட்டு, பெரும்பாலும் கப்பல்துறைக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன.

குரோவேஷியாவின் டுப்ரோவ்னிக்கிலிருந்து தொடங்குகிறேன். அந்நாளில் அது ரகூசா என்ற சிறு குடியரசு. 1348இல் ஐரோப்பாவை உலுக்கிய கொள்ளைநோய் ரகூசாவையும் விடவில்லை. அதன்பின் ஒரு தலைமுறை கழித்து, 1377 ஜூலை 27 அன்று, நகரத்தின் பெருமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நோய் பரவியிருக்கும் இடங்களிலிருந்து வருகிறவர் எவரும் நேராக ஊருக்குள் வரக்கூடாது. மிர்கன் என்ற ஆளில்லாத் தீவிலோ சவ்தாத் என்ற ஊரிலோ முதலில் ஒரு மாதம் தங்க வேண்டும். அனுமதியில்லாமல் உள்ளூர்க்காரர் யாராவது அங்கே போய் அவர்களைச் சந்தித்தால் அவரும் ஒரு மாதம் அங்கேயே இருக்க வேண்டும். மற்ற துறைமுகங்கள் இந்த முறையைப் பின்னர் எடுத்துக்கொண்டபோது முப்பது நாள் நாற்பது நாளானது.

அன்றைக்குக் கிருமி என்ற கருத்தே கிடையாது. பிளேக் கிருமியை யெர்சின் ஹாங்காங்கில் கண்டறிந்தது 1894இல். அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வணிக ஊர் தன் அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்தது. ஆனால் என்னை ஈர்ப்பது அந்த அறிவுக்கூர்மை மட்டுமில்லை. ரகூசாவுக்கு விளைநிலம் குறைவு, கப்பல்தான் சோறு. துறையை மூடினால் பட்டினி, திறந்தால் மரணம். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றை அவர்கள் கண்டார்கள். வந்தவரைத் துரத்தாமல் நிறுத்திவைத்து, காலம் கழிந்ததும் உள்ளே அழைப்பது. அந்த வழிக்கு மன்றம், ஏடு, காவல், செலவு எல்லாம் வேண்டும். அரசு என்ற ஒன்று ஒழுங்காக இயங்கினால்தான் அது முடியும்.

பின்னாளில், 17ஆம் நூற்றாண்டில், கிழக்கே பிளோச்சே வாசலுக்கு வெளியே கடலை ஒட்டி அவர்கள் கட்டிய காப்பிடக் கட்டடங்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. உதுமானிய நாட்டிலிருந்து மலைப்பாதையில் வந்த வணிகக் கூட்டங்கள் தங்கள் சரக்கோடு அங்கே தங்கவைக்கப்பட்டன. நீண்ட கூடங்கள், நடுவே முற்றங்கள். இப்போது அங்கே கலைநிகழ்ச்சிகள் நடக்கின்றன. மதிலின்மேல் சுற்றி நடக்கப் பயணிகள் அலைமோதுகிறார்கள். அந்த வாசலைத் தாண்டி வெளியே நடந்தால் கூட்டம் சட்டென்று குறைந்துவிடும். இதே குடியரசு 1416இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரைக் கரையேற்றுவது என்பதோடு, எதைச் சரக்காகக் கருதக்கூடாது என்றும் அது யோசித்திருக்கிறது.

வந்தவரை நிறுத்திவைக்கும் முறையை வெனிஸ் பெரிய அளவில் செய்தது. 1423இல் நகருக்கு அருகே காயலில் இருந்த ஒரு தீவை நோயாளிகளுக்கென ஒதுக்கியது. 1468இல் இன்னொரு தீவை, நோய் உண்டா இல்லையா என்று தெரியாத கப்பல்களுக்காக ஒதுக்கியது. இரண்டாவது தீவுக்கு லாசரெத்தோ நுவோவோ என்று பெயர். அங்கே நூறு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய கிடங்கு ஒன்று இருக்கிறது. சரக்குப் பொதிகளைப் பிரித்துக் காற்றாடப் போட்ட இடம். அதன் சுவர்களில் 16ஆம் நூற்றாண்டு ஆட்கள் செந்நிற மையால் எழுதியும் வரைந்தும் வைத்தவை இன்றும் தெரிகின்றன. எங்கிருந்து வந்தோம், எந்தக் கப்பல், யார் காவல், என்ன சரக்கு என்று காத்திருந்த நேரத்தில் எழுதியிருக்கிறார்கள். சான் மார்க்கோ சதுக்கத்தில் அரசு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது இருக்கிறது. அந்தக் கிடங்குச் சுவரில் வந்தவர்கள் பேசுகிறார்கள். முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போனால்தான் பார்க்க முடியும். ஒரு நாள் பயணத்தில் அதற்கு இடமிருக்காது. வெனிஸில் இறங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கினால் போய்வரலாம்.

இந்த ஏற்பாடு முழுவதும் நம்பிக்கையின் மேல் நிற்பது. விதியை யாரோ ஒருவர் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதை மார்செய் நகரம் காட்டுகிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மார்செய், கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் குடியேறிய ஊர். 1720இல் அது பிரான்ஸின் கீழைநாட்டு வணிகத்தின் தலைவாசல். அந்த ஆண்டு மே 25 அன்று கிரான் சேன் அந்த்வான் என்ற கப்பல் சிரியக் கரையிலிருந்து பட்டும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. சீதோன், டிரிப்போலி, சைப்ரஸ் எல்லாம் தொட்டுவந்த கப்பல். வழியிலேயே ஒரு பயணி, பிறகு மாலுமிகள் சிலர், கப்பல் மருத்துவர் என்று அடுத்தடுத்து இறந்துவிட்டார்கள். லிவோர்னோவில் கரையேற இடம் கிடைக்கவில்லை. மார்செயில் இதற்கான விதி தெளிவாக இருந்தது. இப்படிப்பட்ட கப்பல் ழார் என்ற தொலைவுத் தீவில்தான் நிற்க வேண்டும். ஆனால் அதிலிருந்த சரக்கு பெருமதிப்புள்ளது. ஜூலையில் நடக்கும் போகேர் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டியது. சரக்கின் ஒரு பங்கு நகராட்சித் தலைவர்களில் முதல்வரான எஸ்தெல் என்பவருக்குச் சொந்தம்.

கப்பல் ழார் தீவுக்குப் போகவில்லை. பொதிகள் ஊரை ஒட்டியிருந்த ஆராங் காப்பிடத்தில் இறக்கப்பட்டன. மூட்டை சுமந்தவர்கள் முதலில் இறந்தார்கள். ஜூன் மாதம் பழைய ஊரின் நெருக்கமான சந்துகளில் நோய் தென்பட்டது. ஆகஸ்டில் பிணங்களை எடுக்க ஆளில்லை. ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்த ஊரில் 40,000 பேர் அளவுக்கு மாண்டார்கள். கடலைப் பார்த்த தூரெத் திடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் வெயிலில் கிடந்தன. ஷெவாலியே ரோஸ் என்ற வீரர் செப்டம்பரில் படைவீரர்களையும் துடுப்புக் கப்பல் கைதிகளையும் அழைத்துக்கொண்டு போய், கோட்டைக் கொத்தளங்களின் உள்ளறைகளைத் திறந்து அந்த உடல்களை அதற்குள் தள்ளி மூடினார். கைதிகளில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. அந்தக் கைதிகளின் பெயரை எந்தத் தெருவுக்கும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் செப்டம்பரில் அந்தக் கப்பலை ழார் தீவருகே எரித்து மூழ்கடித்தார்கள். மே மாதமே போயிருக்க வேண்டிய இடம் அது. கப்பலின் தலைவன் ஷத்தோ, ஷத்தோ தீஃப் என்ற புகழ்பெற்ற தீவுச் சிறையில் கிடந்தான். சரக்கின் பங்குதாரர்கள் மீதோ பெரிய தண்டனை எதுவும் விழவில்லை. 1978இல் முக்குளிப்பவர்கள் கப்பலின் மிச்சத்தைக் கடலடியில் கண்டார்கள்.

மார்செயில் இறங்கும் பயணிகளைப் பக்கத்திலுள்ள புரோவான்ஸ் சிற்றூர்களுக்கு அழைத்துப்போவது வழக்கம். லாவண்டர் வயல்கள், திராட்சைத் தோட்டங்கள். அழகானவைதான், மறுக்கவில்லை. ஆனாலும் நான் சொல்வேன்: ஊரிலேயே இருங்கள். ழோலியேத் கப்பல்துறைப் பக்கமிருந்து கடலோரமாகத் தெற்கே நடந்தால் தூரெத் திடல் வரும். அங்கிருந்து சேன் ழான் கோட்டையும், பழைய துறையின் வாயும், தூரத்துத் தீவுகளும் ஒரே பார்வையில் தெரியும். 1720இன் கதை நடந்த இடங்கள் அனைத்தும் கண்ணெதிரே விரிந்திருக்கும். 2013இல் திறந்த மத்தியதரைக் கடல் நாகரிக அருங்காட்சியகமும் அங்கேதான்.

லிவோர்னோவுக்கு வருவோம். டஸ்கனியின் கோமகன் முதலாம் ஃபெர்டினாண்டோ 1591இலும் 1593இலும் அழைப்பு ஆணைகள் வெளியிட்டார். எந்த நாட்டு வணிகராயினும் வரலாம், கிழக்கத்தியர், துருக்கியர், மூர்கள், யூதர், கிரேக்கர், ஆர்மீனியர், பாரசீகர் என்று பெயர் சொல்லியே அழைத்தார். குடியிருக்கலாம், தொழில் செய்யலாம், தங்கள் வழிபாட்டை நடத்தலாம், சமய விசாரணை மன்றம் அவர்களைத் தொடாது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் யூதர்களை விரட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்த அழைப்பு இது. சேற்று நிலமாக இருந்த சிற்றூர் பெரிய துறைமுகமானது. லிவோர்னோ யூதர்களுக்குத் தனிக் குடியிருப்புச் சுவர் கிடையாது. வெனிஸின் யூதர்கள் இரவில் பூட்டப்பட்ட கேத்தோவுக்குள் இருந்ததை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

அதே கோமகனின் சிலை இப்போதும் துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. அடியில் நான்கு மூலையிலும் விலங்கிடப்பட்ட நான்கு மனிதர்கள், வெண்கலத்தில். 1620களில் பியேத்ரோ தக்கா வார்த்தவை. கடலில் பிடிபட்ட முஸ்லிம் கைதிகளை அடைத்துவைத்துத் துடுப்பு வலிக்கவிட்ட பெரிய கொட்டடி அந்த ஊரில் இருந்தது. ஒரு கையில் சுதந்திர ஆணை, இன்னொரு கையில் விலங்கு. அந்த நான்கு முதுகுகளும் வளைந்திருக்கும் விதத்தை, முகங்களில் உள்ள வலியைத் தக்கா மறைக்காமல் செய்திருக்கிறார். ஃபிளாரன்ஸில் மைக்கலாஞ்சலோவின் தாவீதைப் பார்க்க வரிசையில் நிற்பவர்கள் காலையில் இந்தச் சிலைக்கு அருகே இறங்கியவர்கள்தான். என் மதிப்பில் தக்காவின் நால்வர் எந்த ஃபிளாரன்ஸ் சிற்பத்துக்கும் குறைந்தவர்கள் இல்லை.

துறைமுகம் கேட்கும் இன்னொரு கேள்வி வரி. எபேசுவில் கண்டெடுத்த ஒரு கல்வெட்டில் ரோமானிய ஆசிய மாகாணத்தின் சுங்கச் சட்டம் முழுநீளமாக வெட்டப்பட்டிருக்கிறது. கி.பி. 62ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே சுங்கம் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை விழுக்காடு. அதே எபேசுவில் இன்னொரு கல்வெட்டு உண்டு. மர வணிகர்களும் பளிங்கு அறுப்பவர்களும் குப்பையையும் கல்தூளையும் துறையில் கொட்டக்கூடாது, துறை தூர்ந்துபோகிறது என்று ஆளுநர் அந்தோனியுஸ் அல்புஸ் இட்ட ஆணை. ஆணை நிலைத்தது, துறை நிலைக்கவில்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் அதை நிரப்பிவிட்டது. இன்று நாடக அரங்கின் படிகளில் உட்கார்ந்து பார்த்தால், துறைமுகத்தை நோக்கி அரை கிலோமீட்டர் நீளும் பளிங்குத் தெரு புல்வெளியில் போய் முடிகிறது. கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இஸ்தான்புல்லிலும் இதுவே நடந்தது. யெனிகாபியில் 2004 முதல் ரயில் நிலையத்துக்காகத் தோண்டியபோது, மண்ணில் புதைந்துபோன தியோடோசியுஸ் துறைமுகம் கிடைத்தது. 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான 37 கப்பல்கள் சேற்றுக்குள் பத்திரமாக இருந்தன.

ஆசிய மாகாணத்தில் இரண்டரை விழுக்காடு என்றேன். எகிப்து வழியாகக் கிழக்கேயிருந்து வந்த சரக்குக்கு ரோம் வாங்கியது நான்கில் ஒரு பங்கு, இருபத்தைந்து விழுக்காடு. அதில் நம் பக்கத்துச் சரக்கும் அடக்கம். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் ஆவணத்தை 1985இல் அறிஞர்கள் வெளியிட்டார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறிப் பயணத்துக்கு வாங்கிய கடன் பற்றிய ஒப்பந்தம் ஒரு பக்கம். ஹெர்மபோலோன் என்ற கப்பலில் வந்த தந்தம் முதலான சரக்கின் கணக்கு மறுபக்கம். செங்கடல் கரையில் இறக்கிய சரக்கை ஒட்டகத்தில் பாலைவனம் கடத்தி, நைல் நதிக்கரையின் கோப்தோஸில் சேர்த்து, ஆற்றுவழியே அலெக்சாந்திரியாவின் வரிக் கிடங்குக்குக் கொண்டுபோய் முத்திரையிட வேண்டும் என்று ஒவ்வொரு கட்டமும் எழுதப்பட்டிருக்கிறது.

அந்தச் செங்கடல் துறைகளில் தமிழரே இருந்திருக்கிறார்கள். குசைர் அல் கதீமில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் உள்ளன. பெரெனிகேயின் கோயிலில் இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. இவர்கள் அலெக்சாந்திரியா வரை போனார்களா என்று கேட்பீர்கள். அங்கே பேசிய தியோ கிரிசோஸ்தோம் என்ற கிரேக்கச் சொற்பொழிவாளர், தன் கேட்போர் கூட்டத்தில் சில இந்தியர்களும் இருப்பதைக் குறிப்பிட்டிருக்கிறார். அவர்கள் எந்த ஊர்க்காரர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததை நாம் சேர்க்க வேண்டாம். இருப்பதே போதுமான பெருமை.

அலெக்சாந்திரியா வந்த கப்பல்களிடம் இன்னொன்றையும் கேட்டது. புத்தகம் இருக்கிறதா? தாலமி மன்னர் துறைக்கு வரும் கப்பல்களில் உள்ள சுவடிகளை எடுத்துக்கொண்டு, நகலெழுதி, நகலை உரியவரிடம் கொடுத்துவிட்டு மூலத்தை நூலகத்தில் வைத்துக்கொண்டார் என்று மருத்துவர் காலென் எழுதியிருக்கிறார். அப்படிச் சேர்ந்தவற்றின்மேல் கப்பலிலிருந்து வந்தவை என்று குறித்துவைத்தார்களாம். அதிகாரத்தின் திருட்டுத்தான் அது. ஆனாலும் வருபவரிடம் அறிவைத் தேடிச் சோதனை போட்ட துறைமுகம் வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. புகழ்பெற்ற கலங்கரை விளக்கம் 14ஆம் நூற்றாண்டு நிலநடுக்கங்களில் சிதைந்துபோனது. அந்த இடத்தில் சுல்தான் காயித்பே 1477இல் கட்டிய கோட்டை நிற்கிறது. கெய்ரோவின் பிரமிடுகளுக்குப் பேருந்து கிளம்பும்போது நீங்கள் அந்தக் கோட்டைக்குப் போங்கள்.

இனி மால்டா. இந்தக் கடலில் கப்பலின் மேல்தளத்தில் விடியலில் நின்று பார்க்க வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது வலெட்டா. 1565இல் உதுமானிய முற்றுகையைத் தாங்கிய பிறகு, 1566 மார்ச் 28இல் புதிய நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெருந்துறைக்குள் கப்பல் நுழையும்போது இரு பக்கமும் தேன்நிறச் சுண்ணாம்புக்கல் மதில்கள் உயர்ந்து நிற்கும். செங்லேயா முனையில் ஒரு சிறு காவல் கூண்டு. அதில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கியிருக்கிறார்கள். வருபவரைப் பார்க்கிறோம், கேட்கிறோம் என்று வாசலிலேயே அறிவிப்பு. மதிலுக்குள், தீவை ஆண்ட நைட்டுகள் என்ற கிறித்தவப் போர்வீரத் துறவியர் நடத்திய மருத்துவமனையின் பெருங்கூடம் 155 மீட்டர் நீளம். ஏழை நோயாளிக்கும் வெள்ளித் தட்டில் உணவு பரிமாறியிருக்கிறார்கள். மறுபக்கத்துத் துறையில் மனோவெல் தீவில் 1643இல் எழுந்த காப்பிடம். கவிஞர் பைரன் 1811இல் அங்கே அடைபட்டுக் கிடந்தார். கடிதங்களைக்கூடக் கீறிப் புகைபோட்டுத்தான் ஊருக்குள் விட்டார்கள்.

அந்தப் பழைய கேள்விகள் ஓய்ந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். 2020 மார்ச்சில் இதே துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயணக் கப்பல்களுக்குக் கதவை மூடின. இப்போது நோய் இல்லை, கூட்டம்தான் பிரச்சினை. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் சான் மார்க்கோ வழியாகப் போக 2021 ஆகஸ்டு முதல் இத்தாலி தடைவிதித்தது. டுப்ரோவ்னிக் ஒரே சமயத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்கிறது. சாந்தோரினியிலும் மிக்கோனோஸிலும் கோடைப் பருவத்தில் இறங்க, 2025 ஜூலை முதல் ஆளுக்கு 20 யூரோ. பார்சிலோனா தன் ஏழு பயணிகள் முனையங்களை 2030க்குள் ஐந்தாகக் குறைக்க ஒப்பந்தம் செய்திருக்கிறது. இவையெல்லாம் நியாயம் என்றே நான் கருதுகிறேன். சில ஆயிரம் பேர் ஒரே மணிநேரத்தில் ஒரு சிற்றூரின் வாசலில் இறங்கினால், அந்த ஊர்க்காரருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. ஒரே நாளில் நான்கு கப்பல் நிற்கும் துறையைத் தவிர்த்து, ஒரு கப்பல் மட்டும் நிற்கும் நாளையும், இரவு தங்கும் பயணத்திட்டத்தையும் தேர்ந்தெடுங்கள். அந்த அட்டவணைகளைத் துறைமுகங்களே முன்கூட்டி வெளியிடுகின்றன.

இந்தியக் கடவுச்சீட்டோடு போகிறவர்களுக்கு ஒன்று. ஷெங்கன் விசாவைப் பலமுறை நுழையும்படி வாங்குங்கள். இத்தாலியிலிருந்து துருக்கிக்கோ எகிப்துக்கோ போய்விட்டுக் கிரேக்கத்துக்குத் திரும்பினால் அது புதிய நுழைவு. குரோவேஷியா 2023 ஜனவரியில் ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. நம்மிடம் கேட்பது ஆவணங்களை மட்டும்தான். கொடுத்தால் கரையேறிவிடலாம்.

அதே கடலில் ஆவணமில்லாமல் வருகிறவர்கள் உண்டு. 2018 ஜூனில் 600க்கும் மேற்பட்டோரை மீட்டு ஏற்றிவந்த அக்வேரியஸ் கப்பலை இத்தாலியும் மால்டாவும் ஏற்கவில்லை. கடைசியில் ஸ்பெயினின் வலென்சியா ஏற்றுக்கொண்டது. 2014க்குப் பிறகு மத்தியதரைக் கடலில் இறந்தும் காணாமலும் போனவர்கள் 30,000க்கு மேல் என்று சர்வதேசப் புலம்பெயர்வு அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ரகூசாக்காரர்கள் 1377இல் கண்ட அந்த மூன்றாவது வழி, நிறுத்திவைத்து, சோறுபோட்டு, விசாரித்து உள்ளே விடும் வழி, இவர்களுக்கு ஏன் இவ்வளவு அரிதாகக் கிடைக்கிறது என்று கேட்காமல் என்னால் அந்தத் துறைமுகங்களின் அழகைப் பற்றிப் பேச முடியவில்லை.

இது நம் வீட்டு விஷயமும்கூட. 1996 டிசம்பர் 26 அதிகாலை, மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே, போர்த்தோபாலோவுக்கு அப்பால், யோகான் என்ற கப்பலிலிருந்து ஒரு சிறு படகுக்கு ஆட்கள் மாற்றப்பட்டார்கள். அளவுக்கு மீறிய சுமை. புயற்கடல். படகும் கப்பலும் மோதிப் படகு மூழ்கியது. குறைந்தது 283 பேர் இறந்தார்கள். இலங்கைத் தமிழர்களும், இந்தியரும், பாகிஸ்தானியரும். உயிர் தப்பியவர்களைக் கிரேக்கக் கரையில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. படகு எங்கே, உடல்கள் எங்கே என்று கேட்டார்கள். உடல்கள் சிசிலி மீனவர்களின் வலையில் வந்துகொண்டிருந்தன. விசாரணை என்று தொழில் நின்றுபோகும் என்ற பயத்தில் அவர்களில் பலர் உடல்களைக் கடலிலேயே திருப்பிப் போட்டார்கள். வலையில் சிக்கிய ஓர் இலங்கைத் தமிழ் இளைஞனின் அடையாள அட்டையை ஒரு மீனவர் வெளியே கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து லா ரிபப்ளிகா நாளிதழின் செய்தியாளர் ஜியோவன்னி மரியா பெல்லு 2001இல் கடலுக்குள் கேமரா இறக்கினார். 108 மீட்டர் ஆழத்தில் அந்தப் படகு கிடந்தது. ஐந்து ஆண்டுகள் இல்லை என்று மறுக்கப்பட்டது அங்கே இருந்தது.

வலெட்டாவிலிருந்து சிசிலிக்கும் கிரேக்கத்துக்கும் போகும் பயணக் கப்பல்கள் அந்த நீர்ப்பரப்பைச் சுற்றியே போகின்றன. நீண்ட பயணங்களில், கப்பலின் அரங்கில் அடுத்த ஊரின் வரலாற்றைப் பேச ஒருவரை அமர்த்தியிருப்பார்கள். நைட்டுகளைப் பற்றியும் முற்றுகையைப் பற்றியும் நன்றாகவே பேசுவார்கள். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதுங்கள். மால்டாவைத் தாண்டும் நாளில், 1996 டிசம்பர் 26 பற்றிப் பேச அந்த அரங்கில் ஒரு மணிநேரம் கேளுங்கள். நான் எழுதியிருக்கிறேன். தமிழ்ப் பயணிகள் இன்னும் பலர் எழுதினால் அந்த ஒரு மணிநேரம் கிடைக்கும் என்று நம்புகிறேன்.